இரும்பில் கஞ்சத்தனம் வேண்டாம்!

ஒரு கிலோ இரும்புத் தகடு. அதன்மேல் சுற்றிய செம்புக் கம்பி. இடையிடையே காகிதம். கடைசியில் ஒரு வார்னிஷ் குளியல்.

இவ்வளவுதான் டிரான்ஸ்பார்மர்!

பார்ப்பதற்கு அழகான பொருள் அல்ல. வால்வைப் போலச் செந்நிறமாக ஒளி விடாது. குமிழைப் போலத் திருப்பவும் முடியாது. பெட்டிக்குள் ஒரு மூலையில் ஊமையாக உட்கார்ந்திருக்கும். ஆனால், வால்வு ஆம்பிளிபயரில் பாட்டு நன்றாக ஒலிப்பது இதனால்தான். இது சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து வருவதும் இதனால்தான்.

வீட்டிலேயே வால்வு ஆம்பிளிபயர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இன்று பலர். பழைய காலத்துக் கிட்டார் ஒலி வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவர்கள் எதற்குப் பணம் செலவழிக்கிறார்கள்? வால்வுக்கு. பெட்டிக்கு. பெட்டியின் மேல் ஒட்டும் துணிக்கு. கடைசியில் கையில் மிஞ்சுகிற காசுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்குகிறார்கள்.

இது தலைகீழான கணக்கு. வால்வு கெட்டால் மாற்றலாம். கண்டென்சர் கெட்டால் மாற்றலாம். டிரான்ஸ்பார்மர் தவறாக அமைந்தால், மற்ற எதை மாற்றியும் பயன் இல்லை. முதல் பணம் இரும்புக்கும் செம்புக்கும்தான் போக வேண்டும்!

கரிசல் காட்டில் கேட்ட பாட்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண். பருத்தியும் மிளகாயும் விளையும் காடு. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் சீமைக் கருவேல மரம்தான் மிஞ்சும். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தமும் நூற்பு ஆலைச் சங்கும் பழகிப்போன ஓசைகள். திருச்சுழி, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர்.

இந்தப் பூமிக்கும் வால்வு ஆம்பிளிபயருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. தெற்குச் சீமைக்கு மின்சாரம் வந்தது. விருதுநகரில் பிறந்த காமராஜர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் மின்சாரக் கம்பம் கிராமம் கிராமமாக நடந்தது. கம்பத்தின் பின்னாலேயே ‘மைக் செட்’டும் வந்து சேர்ந்தது.

கல்யாணமா? மைக் செட்! காதுகுத்தா? மைக் செட்! பங்குனிப் பொங்கலா, வள்ளி திருமணம் நாடகமா, தேர்தல் கூட்டமா? எல்லாவற்றுக்கும் மைக் செட்! மரத்தின் உச்சியில் புனல் வடிவக் குழாய் கட்டுவார்கள். விடியற்காலையில் பாட்டு ஆரம்பித்தால் அடுத்த ஊரில் களை எடுக்கிறவர்களுக்கும் கேட்கும். ‘இன்று யார் வீட்டு விசேஷம்?’ என்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குழாய்க்குப் பாட்டு அனுப்பியது வால்வு ஆம்பிளிபயர். 1940-ல் தொடங்கிய டில்லி அகுஜா கம்பெனியின் பெட்டிகள் நாடெங்கும் பேர் பெற்றவை. 1954-ல் தொடங்கிய பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பிற்பாடு உள்நாட்டிலேயே வால்வு செய்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. வால்வுப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

பரணில் கிடக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? இன்று கிட்டார் ஆம்பிளிபயர் செய்ய நினைக்கும் இளைஞர் தேடும் அதே சாமான்! கனமான மின்சார டிரான்ஸ்பார்மர் ஒன்று. ஒலி டிரான்ஸ்பார்மர் ஒன்று. சில பெட்டிகளில் ‘சோக்’ ஒன்று. இதை அறியாமல், செம்பு என்ன விலை போகும் என்று பார்த்து, எடை போட்டு விற்றுவிடுகிறார்கள். நாட்டுப் பசுவைத் தோல் விலைக்குக் கொடுத்த கதைதான்.

கடப்பாரைக் கணக்கு

டிரான்ஸ்பார்மர் என்ன வேலை செய்கிறது? ஒரு கடப்பாரையை நினைத்துக்கொண்டால் போதும்.

பாறாங்கல்லைக் கையால் புரட்ட முடியாது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் கல் அசையும். கை நெடுந்தூரம் கீழே இறங்குகிறது. கல் ஒரு விரற்கடை எழும்புகிறது. தூரம் குறைகிறது, பலம் கூடுகிறது.

வால்வும் அப்படித்தான். அதில் வோல்ட் அதிகம். ஓடும் மின்சாரம் குறைவு. ஒலிபெருக்கியோ நேர் எதிர். அதற்கு வோல்ட் குறைவாகப் போதும். மின்சாரம் அதிகமாக வேண்டும். இரண்டையும் நேரே கட்டினால் கல் அசையாது. நடுவே ஒரு கடப்பாரை வேண்டும். அதுதான் ஒலி டிரான்ஸ்பார்மர். ‘அவுட்புட் டிரான்ஸ்பார்மர்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

1831-ல் பாரடே என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் கண்டுபிடித்த உண்மையே இதற்கு அடிப்படை. ஒரு சுருளில் மின்சாரம் மாறினால், அதே இரும்பில் சுற்றிய மற்றொரு சுருளிலும் மின்சாரம் பிறக்கும். இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாது. இடையில் காகிதம் இருக்கும். ஆனாலும் சக்தி தாவும்!

பெயர் அல்ல, எண்!

‘எந்தக் கம்பெனி டிரான்ஸ்பார்மர் நல்லது?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியே தவறு. ‘என் வால்வுக்கு எத்தனை ஓம்?’ என்று கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சுமை உண்டு. காளைக்குத் தக்க பாரம் ஏற்றுவது மாதிரி. அந்தச் சுமையை ஓம் என்ற கணக்கில் சொல்வார்கள். வால்வுக் கம்பெனிகள் அச்சிட்ட அட்டவணையிலேயே அது இருக்கிறது.

இ.எல்.84 என்ற சிறிய வால்வு ஒன்று மட்டும் போட்டால் சுமார் 5,200 ஓம். 250 வோல்ட்டில் 5 வாட்டுக்குச் சற்று மேல் ஒலி கிடைக்கும். வீட்டுக்கு அதுவே அதிகம். அதே வால்வை இரண்டாகச் சேர்த்து ‘புஷ்-புல்’ முறையில் கட்டினால் 8,000 ஓம். 300 வோல்ட்டில் 17 வாட் வரை வரும். 6வி6 வால்வு ஒன்றானால் 5,000 ஓம். இ.எல்.34 இரண்டானால் 3,400 ஓம். பந்தல் முழுவதும் கேட்கும்.

பரணில் கிடைத்த டிரான்ஸ்பார்மரில் எண் எதுவும் எழுதியிருக்காது. அதற்கும் வழி உண்டு. வால்வுப் பக்கத்துச் சுருளுக்கு 6 வோல்ட் ஏ.சி. கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிப் பக்கத்தில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் 0.24 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 0.24-ஆல் வகுத்தால் 25. இது சுற்றுக் கணக்கு. 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. ஒலிபெருக்கி 8 ஓம். 625-ஐ 8-ஆல் பெருக்கினால் 5,000!

ஆக, அந்த இரும்பு 5,000 ஓம் இரும்பு. ஒற்றை 6வி6-க்கும் ஒற்றை இ.எல்.84-க்கும் சுமைக் கணக்கு பொருந்துகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். கடைக்காரர் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இதே டிரான்ஸ்பார்மரில் 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் ஒலிபெருக்கியைக் கட்டினால், வால்வின் சுமை 2,500 ஓமாக மாறிவிடும். டிரான்ஸ்பார்மருக்கென்று சொந்தமாக ஓம் கிடையாது. அது கடப்பாரை. கல் மாறினால் கணக்கும் மாறும்.

இன்னொன்று. மைக் செட் டிரான்ஸ்பார்மர்களில் ‘100 வோல்ட்’ என்று ஒரு முனை இருக்கும். அது காடு மேடு தாண்டி நெடுந்தூரம் கம்பி இழுத்துக் குழாய் கட்டுவதற்காக. மின்சார வாரியம் உயர்ந்த வோல்ட்டில் மின்சாரத்தை அனுப்பி, ஊருக்கு வெளியே இறக்கிக்கொள்கிறது அல்லவா? அதே தந்திரம். கிட்டார் ஒலிபெருக்கிக்கு அந்த முனை வேண்டாம். 4, 8, 16 ஓம் முனைகள்தான் வேண்டும்.

ஒற்றை வால்வா, இரட்டை வால்வா?

இதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் இரும்பு வேறு.

ஒற்றை வால்வில் டி.சி. மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடும். அது இரும்பை ஒரு பக்கமாகவே காந்தமாக்கி வைத்திருக்கும். இரும்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. நிறைந்த கண்மாயில் மேலும் தண்ணீர் விட்டால் கலுங்கு வழியாக வெளியே போகும். காந்தம் நிறைந்த இரும்பில் பாட்டு ஏறாது. முக்கியமாக, தாழ்ந்த ஸ்வரங்கள் நசுங்கிப் போகும்.

இதற்கு மருந்து ஒரு துண்டுக் காகிதம்! இரும்புத் தகடுகள் ஆங்கில ‘ஈ’, ‘ஐ’ எழுத்துகளின் வடிவில் இருக்கும். ஒற்றை வால்வுக்கு, ‘ஈ’ தகடுகளை எல்லாம் ஒரே பக்கம் அடுக்க வேண்டும். ‘ஐ’ தகடுகளை எல்லாம் மறுபக்கம் அடுக்க வேண்டும். நடுவில் காகிதம் வைத்து இறுக்க வேண்டும். அந்த இடைவெளி, இரும்பு நிறைந்து போகாமல் காக்கும்.

புஷ்-புல் முறையில் இரண்டு வால்வுகளின் டி.சி.யும் எதிர் எதிராக ஓடும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். அங்கே காகிதம் வேண்டாம். தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் போதும்.

மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரர்களுக்கு மாற்றிக் கோப்பதுதான் பழக்கம். மின்சார டிரான்ஸ்பார்மருக்கு அதுதான் சரி. ஆகவே, ஒற்றை வால்வுக்குச் செய்யச் சொல்கிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்: ‘அண்ணாச்சி, இது சிங்கிள் வால்வுக்கு. ஈ எல்லாம் ஒரு பக்கம் போடுங்க. நடுவுல பேப்பர் வையுங்க.’ இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் பாட்டே கெட்டுவிடும்!

லண்டன் கடையில் நடந்தது

‘நம் ஊர்ச் சாமானில் அந்த ஒலி வருமா? அமெரிக்காவிலிருந்தே வரவழைக்க வேண்டாமா?’

இந்தச் சந்தேகம் பலருக்கு. அவர்கள் லண்டனில் நடந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜிம் மார்ஷல் என்பவர் டிரம்ஸ் கலைஞர். லண்டன் ஹான்வெல் பகுதியில் இசைக் கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ‘பெண்டர்’ கம்பெனியின் ஆம்பிளிபயருக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் இறக்குமதி விலை மிக அதிகம். 1962-ல் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவருடன் சேர்ந்து, பெண்டரின் ‘பாஸ்மேன்’ மாதிரியைப் பார்த்து ஒரு பெட்டி செய்தார்.

அமெரிக்க டிரான்ஸ்பார்மர் கிடைக்கவில்லை. உள்ளூரில் பட்டியல் பார்த்து வாங்கக்கூடிய ‘ரேடியோஸ்பேர்ஸ்’ டிரான்ஸ்பார்மரைப் போட்டார்கள். ஒலிபெருக்கியும் வேறு. வால்விலும் மாற்றம்.

அமெரிக்க ஒலி அப்படியே வந்ததா? வரவில்லை. புதிதாக ஓர் ஒலி பிறந்தது! அந்த ஒலியைத் தேடித்தான் இன்று உலகமே மார்ஷல் பெட்டியை வாங்குகிறது. கைக்குக் கிடைத்த இரும்புதான் அந்தப் புதுக் குரலுக்கு ஒரு காரணம்.

லண்டன்காரர் லண்டன் இரும்பைப் போட்டார். அருப்புக்கோட்டைக்காரர் ஏன் அருப்புக்கோட்டை இரும்பைப் போடக் கூடாது? மைக் செட்டின் டிரான்ஸ்பார்மரில் கிட்டார் ஒலித்தால், அது அமெரிக்கக் குரலாக இருக்காதுதான். இந்தக் கரிசல் காட்டின் குரலாக இருக்கும். அதில் என்ன குறைவு?

விலை உயர்ந்த ‘ஹை-பை’ டிரான்ஸ்பார்மரும் தேவையில்லை. கிட்டாரின் மிகத் தடித்த கம்பி விநாடிக்கு 82 தடவைதான் அதிர்கிறது. கிட்டார் ஒலிபெருக்கி 5,000, 6,000 அதிர்வுக்கு மேல் அதிகம் பேசாது. வீணையும் வயலினும் நாதஸ்வரமும் ரிக்கார்டில் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்றால் உயர்ந்த இரும்பு வேண்டும். கிட்டாருக்கு நேர்மையான இரும்பு போதும்.

இங்கே பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது

ஒலி டிரான்ஸ்பார்மரில் பழையது போடலாம், பரிசோதனை செய்யலாம். ஆனால் மின்சார டிரான்ஸ்பார்மரில் விளையாட்டு கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

கிட்டார் வாசிக்கிறவர் இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கம்பி, ஒயர் வழியாக ஆம்பிளிபயரின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. சட்டத்தில் மின்சாரம் ஏறினால், நேரே அவர் கைக்கு வரும். எதிரே மைக்கும் இருந்தால் உதட்டிலும் தாக்கும்.

இதைத் தடுப்பது மின்சார டிரான்ஸ்பார்மர்தான். வீட்டு மின்சாரம் ஒரு சுருளில். ஆம்பிளிபயர் மற்றொரு சுருளில். நடுவே காகிதச் சுவர். இந்தச் சுவர் இல்லாமல், 230 வோல்ட்டை நேரே டயோடில் கொடுத்து டி.சி. எடுக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. செலவு மிச்சம் என்பார்கள். பிணம் தூக்கும் செலவையும் கூட்டிக்கொண்டால் மிச்சம் எங்கே?

‘ஸ்டெபிலைசரில் இருப்பதும் டிரான்ஸ்பார்மர்தானே, அதைக் கழற்றிப் போடலாமே’ என்று சிலர் நினைக்கலாம். கூடாது! சாதாரண வீட்டு ஸ்டெபிலைசரில் இருப்பது ஒரே சுருளில் முனை எடுத்த ‘ஆட்டோ டிரான்ஸ்பார்மர்’. அதில் காகிதச் சுவர் கிடையாது.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மின்சார டிரான்ஸ்பார்மரும் இங்கே ஆபத்து. அது 110, 117 வோல்ட்டுக்குச் செய்தது. அதோடு, அந்த நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 சைக்கிள். நம் மின்சாரம் 50 சைக்கிள். வோல்ட்டைச் சரிக்கட்டினாலும், 60 சைக்கிளுக்கு அளவாகச் செய்த இரும்புக்கு இங்கே காந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். உறுமும், கொதிக்கும், ஒருநாள் புகையும். இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்ச் சாமானே உயர்ந்தது.

காயில் கடையில் கேட்க வேண்டியவை

காயில் கடைக்குப் போகிறவர் கணக்கோடு போக வேண்டும்.

இரண்டு இ.எல்.84, இரண்டு இ.சி.சி.83 வால்வு போடுவதாக வைத்துக்கொள்வோம். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட். பெரிய வால்வு ஒன்றுக்கு 0.76 ஆம்பியர். சிறிய வால்வு ஒன்றுக்கு 0.3 ஆம்பியர். மொத்தம் 2.12 ஆம்பியர். 3 ஆம்பியருக்குச் சுருள் கேட்க வேண்டும்.

உயர் வோல்ட்டில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 230 வோல்ட் ஏ.சி. கொடுத்தால் 230 வோல்ட் டி.சி. வரும் என்று நினைக்கிறார்கள். வராது. டயோடும் கண்டென்சரும் சேர்ந்தால் உச்ச வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். 230-ஐ 1.41-ஆல் பெருக்கினால் சுமார் 325! சுமை ஏறினால் கொஞ்சம் இறங்கும். ஆகவே 300 வோல்ட் டி.சி. வேண்டும் என்றால் 300 வோல்ட் சுருள் கேட்கக் கூடாது. கேட்டால் 420 வோல்ட் வந்து நிற்கும். வால்வும் கண்டென்சரும் ஓடிப் போகும்.

இந்த வேலைக்கு 100 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போதும். அதற்கு எவ்வளவு இரும்பு? எளிய கணக்கு ஒன்று உண்டு. 10-ஐ 10-ஆல் பெருக்கினால் 100. ஆகவே நடு இரும்பின் பரப்பு குறைந்தது 10 சதுர சென்டிமீட்டர். சுற்றுக்கும் கணக்கு உண்டு. 45-ஐப் பரப்பால் வகுத்தால், ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 10 சதுர சென்டிமீட்டருக்கு 4½ சுற்று. 230 வோல்ட்டுக்கு 1,035 சுற்று. 12 சதுர சென்டிமீட்டர் இரும்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போது சுமார் 860 சுற்று போதும்.

சுற்றைக் குறைத்தால் கம்பி மிச்சம்தான். இடம் மிச்சம்தான். ஆனால் இரும்பு சூடாகும். சித்திரை வெயிலில் காற்றே கொதிக்கிற ஊர் இது. குளிர் தேசத்துக் கணக்கு இங்கே செல்லாது. தேவைக்குக் கால் பங்கு கூடுதலாகவே செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பம்பு செட் ஓடும் நேரத்தில் வோல்ட் இறங்குவதும், ஊர் உறங்கும் நேரத்தில் ஏறுவதும் கிராமத்தில் தெரிந்த விஷயம். 230 வோல்ட் 200-ஆக இறங்கினால், 6.3 வோல்ட் 5½ ஆகிவிடும். வால்வு சோர்ந்துவிடும். பழைய வால்வு ரேடியோவின் முதுகில் வோல்ட் மாற்றும் செருகி ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? அது வீண் அலங்காரம் அல்ல! முதல் சுருளில் 210, 230, 250 என்று மூன்று முனை விடச் சொன்னால் போதும். கடைக்காரருக்கு இது பெரிய வேலை அல்ல. வால்வின் ஆயுள் நீளும்.

செய்து முடித்ததும் நேரே மின்சாரத்தில் செருகக் கூடாது. குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கட்டி, அதன் வழியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேறு எதையும் இணைக்காத டிரான்ஸ்பார்மருக்கு பல்பு மங்கலாக எரிந்தால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் உள்ளே குறை இருக்கிறது. பிறகு, ஆம்பிளிபயரில் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, செருகியைப் பிடுங்கிவிட்டு, இரும்பின் வெளிப்பக்கத்தில் கை வைத்துப் பார்க்கலாம். சூடு கை தாங்கும்படி இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

‘போனிலேயே எல்லா ஒலியும் வருகிறது. நூறு வாட் டிரான்சிஸ்டர் பெட்டி கடையில் கிடைக்கிறது. இந்த வீண் வேலை எதற்கு?’ என்று கேட்கும் தகப்பனார்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். கல்யாணத்தில் பேசுவதற்கும் கூட்டத்தில் முழங்குவதற்கும் டிரான்சிஸ்டர் பெட்டியே சிறந்தது. கனம் குறைவு, சூடு குறைவு, விலையும் குறைவு. அதை மறுப்பது பொய். ஆனால் கிட்டாரில் ஓங்கி மீட்டும்போது வால்வு மெல்ல மெல்ல நசுங்கி, குழைந்து, பிறகுதான் உடைகிறது. அந்தக் குழைவை விரும்புகிறவர்களுக்கு வால்வுதான் பிடிக்கிறது.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரு பையன் தன் கையால் ஓமையும் வோல்ட்டையும் சுற்றையும் கணக்குப் போட்டு, ஒரு பொருளைச் செய்து, அது பாடுவதைக் கேட்டுவிட்டால், பள்ளிக்கூடத்துப் பௌதிகம் அவனுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பண்ணைப்புரம் என்ற சிற்றூரிலிருந்து வந்த இளையராஜா, 1976-ல் ‘அன்னக்கிளி’க்கு இசை அமைப்பதற்கு முன் பல இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தவர். கிராமத்துப் பிள்ளையின் கையில் கிட்டார் இருப்பது வேடிக்கை அல்ல என்பதற்கு அது போதாதா?

ஆகவே தடுக்க வேண்டாம். ஆனால் சில நிபந்தனைகள் போடலாம். போடவும் வேண்டும்.

தனியாக வேலை செய்யக் கூடாது. வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். சட்டத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். மூன்று முள் செருகியில் எர்த் முள்ளை ஒடிக்கக் கூடாது. ‘ப்யூஸ்’ இல்லாமல் ஓட்டக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். அதை வடிக்க நிரந்தரமாக ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்க வேண்டும். வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்க்காமல் உள்ளே கை விடக் கூடாது. மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஒலிபெருக்கியைக் கட்டாமல் வால்வு ஆம்பிளிபயரை ஒலிக்கவிடவே கூடாது. ஒலி டிரான்ஸ்பார்மருக்குள் பொறி பறந்து காகிதம் கருகிவிடும்.

இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளாத பையனுக்கு ஆம்பிளிபயர் வேண்டாம். கிட்டார் மட்டும் போதும்.

எடைக்குப் போடுமுன்...

மைக் செட் வைத்திருந்த குடும்பங்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பரணில் கிடக்கும் பெட்டி, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சோறு போட்ட பெட்டி. அதைச் சுத்தியலால் உடைத்துச் செம்பை உருவினால், சில நாள் செலவுக்குக் காசு கிடைக்கும். அதோடு தீர்ந்தது. ஈரமும் துருவும் ஏறாமல், சுருள் அறுந்து போகாமல் இருந்தால், அந்த டிரான்ஸ்பார்மர் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். தெரிந்தவரிடம் காட்டிச் சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மின்சாரச் சுருளில் கசிவு இருந்தால் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

காயில் கடைக்காரருக்கும் உரிய கூலி கொடுக்க வேண்டும். ஆயிரம் சுற்றைக் கம்பி அறாமல், காகிதம் விலகாமல் சுற்றுவது விளையாட்டு அல்ல. தறியில் இழை அறாமல் நெய்கிற கைக்கு உள்ள மதிப்பு இந்தக் கைக்கும் உண்டு. பேரம் பேசிக் கூலியைக் குறைத்தால், அவர் சுற்றைக் குறைப்பார். நஷ்டம் யாருக்கு?

வால்வைப் பார்த்து மயங்கலாம். பெட்டியைப் பார்த்துப் பெருமைப்படலாம். ஆனால் பணம் எடுத்து வைக்கும்போது முதல் பங்கு அந்த மூலையில் கிடக்கும் ஊமை இரும்புக்கே!

அது பேசாது. ஆனால், அது நன்றாக இருந்தால்தான் மற்றதெல்லாம் பாடும்.